தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தில் நீ போட்ட இணைப்பு

நேற்று குளுவாங் நகரில் மகள் வீட்டு வாசலில் நின்றிருந்தபோது அந்த வாடை வந்தது. வினிகரைப் போலப் புளித்த வாடை. நிமிர்ந்து பார்த்தேன். கேமரா மாட்ட வந்தவர் ஏணி மேல் நின்றுகொண்டு, கேபிளும் கேமராவும் சேரும் இடத்தில் குழாயிலிருந்து சிலிகான் பசையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். மழை இருட்டிக்கொண்டு வந்தது, அவருக்கு அவசரம்.

"நிறுத்துங்க" என்று கத்திவிட்டேன். அவர் திடுக்கிட்டு ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டார். மகள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

"என்னப்பா? என்ன ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை என்றேன். புளித்த வாடை அடிக்கிற பசையைச் செம்புக் கம்பியின் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய். "வாட வந்துச்சுன்னா செம்பு செத்துச்சு" என்பாய். அவரிடம் அதை மெதுவாக எடுத்துச் சொன்னேன். நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை. துடைத்துவிட்டு ரப்பர் டேப் சுற்றினார். ஆனால் அந்த வாடை என்னைச் சாஆ ஊருக்கு, நம் செம்பனைத் தோட்டத்துக்கு, அந்த வெள்ளத்துக்குத் திருப்பிக் கொண்டுபோய்விட்டது. இரவு வீடு திரும்பியும் அது போகவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றும் இருக்கிறது. அதற்கு முன்னால் அந்த நாளை முழுதாக ஒருமுறை உன்னோடு சேர்ந்து நினைத்துப் பார்க்க வேண்டும். நாம் இருவரும் ஆளுக்குப் பாதியைத்தான் பார்த்தோம்.

ஜொகூர் பாருவில் கேபிள் பின்னும் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, என்னைக் கட்டிக்கொண்டு இந்தச் செம்பனைக் காட்டுக்கு வந்தவள் நீ. வந்த சில மாதங்களிலேயே ஊரில் யார் வீட்டு டிவியில் படம் தெரியாவிட்டாலும் உன்னைத்தான் கூப்பிட்டார்கள். "ஏணி அக்கா" என்று பிள்ளைகள் பெயர் வைத்தார்கள். எனக்கு முதலில் சங்கடமாக இருந்தது. உனக்கு இல்லை. நான் செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் வேலை முடிந்து வரும்போது நீ யாருடைய கூரையிலாவது உட்கார்ந்திருப்பாய். அங்கிருந்தபடியே, "சோறு இருக்கு, மீன் சூடு பண்ணிக்கங்க" என்று சத்தம் போடுவாய்.

தோட்டத்து மண்டபத்தில் வெள்ளக்காலத் தொண்டர் குழுவுக்குப் படகுகளோடு பேசிக்கொள்ள ஒரு ரேடியோ இருந்தது. ஏரியல் பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தின் உச்சியில். அங்கிருந்து ஒரு தடித்த கேபிள் கோபுரத்துக் காலோடு இறங்கி மண்டபத்துக்குள் வரும். குழுவுக்குத் தலைவர் மணியம் அண்ணன். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், பரபரப்பான ஆள், தங்கமான மனசு. மழைக்காலத்துக்கு முன்னாலேயே நீ மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்து அவரிடம் சொன்னாய்.

"அண்ணே, கேபிளையும் ஏரியலையும் சேர்க்க மேல போட்டிருக்கிற கனெக்டர் வீட்டுக்குள்ள போடற சாமான். உள்ள ரப்பர் வளையமே இல்ல. டேப்ப வேற மேலேருந்து கீழ சுத்தி வச்சிருக்காங்க. கூரை ஓட்ட தலைகீழா அடுக்கினா எப்படி இருக்கும்? அப்படி இருக்கு. தண்ணி நேரா உள்ளதான் போகும்."

"இப்ப வேல செய்யுது இல்ல? பிறகு பாப்போம் லா" என்றார் அண்ணன். ரேடியோ பேசிக்கொண்டுதான் இருந்தது. கெடாததை யார் தொடுவார்கள்? நீ விடாமல் கனெக்டர்களை மட்டும் வாங்கி உன் பையில் போட்டு வைத்தாய்.

பிறகு அந்த மழை. இரவும் பகலும் விடாமல் பெய்தது. ஆறு கரையை விட்டு ஏறி, செம்பனை வரிசைகளுக்குள் புகுந்து, தொழிலாளர் வீட்டு வரிசையான பழைய லயத்தை வளைத்துக்கொண்டது. கரண்டு போனது. அதன் பின்னாலேயே கைப்பேசிக்கு லைன் போனது. மண்டபத்து ரேடியோவை லாரி பேட்டரியில் ஓட்டினோம்.

பழைய லயத்தில் சரசு இன்னும் வெளியே வரவில்லை என்று தெரிந்தபோது பிற்பகல் ஆகியிருந்தது. இரண்டு சின்னப் பிள்ளைகள், நடக்க முடியாத அப்பா. புருஷன் சிங்கப்பூரில் வேலை, வர வழியில்லை. நானும் அஸ்மானும் படகை எடுத்தோம். அஸ்மான் மலாய்ப் பையன், ஆனால் நம் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவான். நீ கைரேடியோவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டாய். "போனதும் கூப்பிடுங்க. கெளம்பும்போதும் கூப்பிடுங்க" என்றாய். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். பயம் வந்தால் நீ அப்படித்தான்.

போனதும் கூப்பிட்டேன். மணியம் அண்ணன் குரல் கரகரவென்று வந்தது. பாதி புரிந்தது. சரசுவின் அப்பாவை நாற்காலியோடு தூக்கிப் படகில் ஏற்றி, பிள்ளைகளை ஏற்றி, கிளம்புமுன் மறுபடியும் கூப்பிட்டேன். இரைச்சல் மட்டும். சட்டியில் எண்ணெய் பொரிகிற மாதிரி. மறுபடி கூப்பிட்டேன். அதே இரைச்சல்.

மண்டபத்தில் அந்த நேரம் என்ன நடந்தது என்பது எனக்கு மணியம் அண்ணன் சொல்லித்தான் தெரியும். நீயாகச் சொன்னது குறைவு. ரேடியோவோடு இருந்த மீட்டரில் முள் ஏறுமாறாகப் போனதைப் பார்த்ததும், "மேல கனெக்டருக்குள்ள தண்ணி பூந்துருச்சு. நாம அனுப்பறது ஏரியலுக்குப் போகாமத் திரும்பி வருது" என்றாயாம். அதே சமயம் தொப்பலாக நனைந்த ஒருவர் உள்ளே ஓடி வந்தார். ஆலைக்குப் பழம் ஏற்றும் லாரி ஓட்டுநர். இரும்புப் பாலத்தின் இந்தப் பக்கத்து மண்ணை ஆறு தின்றுவிட்டது, அங்கே தண்ணீர் சுழித்துக்கொண்டு இழுக்கிறது, தன் கண்ணெதிரே ஒரு மாட்டை அடித்துக்கொண்டு போனது என்றார்.

நாங்கள் அந்தப் பாலத்தின் ஓரமாகத்தான் திரும்பி வருவதாக இருந்தது.

மணியம் அண்ணன் ரேடியோவைப் பிடித்துக்கொண்டு கத்தினாராம். நீ கத்தவில்லையாம். இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு கோபுரத்துக்கு நடந்தாய். அவர் பின்னாலேயே கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

மேலே போய்ப் பழைய டேப்பைப் பிரித்ததும் தேநீர்க் கோப்பையைச் சாய்த்தது போலத் தண்ணீர் கொட்டியதாம். குறுக்குவழியை நீ முயன்று பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. முதலில் செய்தது அதைத்தான். கழற்றி, உதறி, துணியால் துடைத்து, திரும்ப மாட்டி, "கூப்பிட்டுப் பாருங்கண்ணே!" என்றாய். அவர் மண்டபத்துக்கு ஓடிக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்து இல்லை என்று கையை ஆட்டினார். பிறகுதான் வெட்டினாய். உள்ளே செம்புப் பின்னல் கறுத்துப் பச்சை பூத்திருந்தது. இன்னும் கொஞ்சம் வெட்டினாய். அங்கேயும் கறுப்பு. பளிச்சென்ற செம்பு தெரிகிறவரை வெட்டிப் போனதில் கேபிள் குட்டையாகிவிட்டது. கோபுரத்துக் காலில் கட்டியிருந்த கட்டுகளை அவிழ்த்துக் கீழேயிருந்து கொஞ்சம் இழுத்துக்கொண்டாய். அதற்கு மேல் இழுக்க ஒன்றும் இல்லை.

உன் பையில் இரண்டு வகை கனெக்டர் இருந்தது. ஒன்று, இடுக்கியால் ஒரு நசுக்கு நசுக்கினால் முடிந்தது. ஆனால் பின்பக்கம் தண்ணீரைத் தடுக்க அதில் எதுவும் கிடையாது. இன்னொன்று, வெளியில் மழையில் போடுவதற்கென்றே செய்தது. கேபிளை ரப்பர் வளையம் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சின்னச் சின்னச் சாமான்கள், ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்க்க வேண்டும், நடு ஊசிக்கு உன் பையிலிருந்த கேஸில் சூடாகும் சூட்டுக்கோலால் ஈயம் பற்றவைக்க வேண்டும். ஒரு வளையம் கைநழுவிக் கீழே வெள்ளத்தில் விழுந்தால் அவ்வளவுதான்.

"எதாச்சும் ஒன்னு போடும்மா! ஒரே ஒரு வார்த்த சொன்னா போதும்! பாலத்துப் பக்கம் வராதன்னு ஒரே வார்த்த!" என்று மணியம் அண்ணன் கீழேயிருந்து அலறினார்.

நீ குனிந்து சொன்னது அவருக்கு இன்னும் மறக்கவில்லை. எனக்கும் பலமுறை சொல்லிக் காட்டியிருக்கிறார். "அண்ணே, அந்தப் படகுல இருக்கிறது என் புருஷன். இந்த மழையில நசுக்கறது போட்டா உடனே தண்ணி ஏறும். பேச ஆரம்பிச்சுப் பாதியில நின்னா என்ன பண்ணுவீங்க? இன்னொரு தடவ வெட்டறதுக்குக் கேபிள் இல்ல. ஒரு தடவதான். என்னைச் செய்ய விடுங்க."

ஒரு கறுப்புக் குப்பைப் பையைத் தலையோடு கவிழ்த்துக்கொண்டு, கைகளையும் கேபிளையும் உள்ளே இழுத்துக்கொண்டாயாம். கீழேயிருந்து பார்த்தால் கோபுரத்து உச்சியில் ஒரு கறுப்புப் பை காற்றில் படபடவென்று அடிப்பது மட்டும் தெரிந்ததாம். உள்ளே நீ என்ன செய்தாய் என்று யாருக்கும் தெரியாது. மணியம் அண்ணன் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு, நீ கை காட்டியதும் மண்டபத்துக்கு ஓடத் தயாராகக் கயிற்றைப் பிடித்தபடி நின்றார்.

எங்கள் படகு, லயத்தை அடுத்து இருந்த, மூடிப்போன பள்ளிக்கூடத்தின் கொடிக்கம்பத்தில் கட்டியிருந்தது. நான்தான் கட்டச் சொன்னேன். பதில் வராமல் கிளம்ப எனக்கு மனசு வரவில்லை. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. சரசுவின் அப்பாவுக்குப் போர்த்தியிருந்த கம்பளி முழுதும் நனைந்துவிட்டது. அவர் உதடு நீலம் பாய்ந்திருந்தது. பிள்ளைகள் அழுது ஓய்ந்து, வெறுமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அலமாக், அண்ணே, இன்னும் எவ்ளோ நேரம் லா? பெட்ரோல் கொஞ்சந்தான் இருக்கு. இருட்டினா பனைக்கு நடுவுல எனக்கு வழி தெரியாது" என்றான் அஸ்மான்.

"ரேடியோல பதில் வரட்டும்."

"ரேடியோ செத்துப்போச்சு அண்ணே!"

"செத்துப்போச்சுன்னா என் பொண்டாட்டி சும்மா உக்காந்திருக்க மாட்டா. அவள எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் பாப்போம்."

சரசு அப்பாவின் கைகளைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, அப்பா ஒடம்பு சில்லுன்னு போகுது. கால்ல விழறேன். போலாம் அண்ணே" என்றாள்.

நான் மறுபடி கூப்பிட்டேன். இரைச்சல். மறுபடியும். இரைச்சல். அஸ்மான் என்னைக் கேட்காமலே எழுந்து கம்பத்தில் கட்டிய முடிச்சில் கை வைத்தான். அவன் சொன்னதும் நியாயம், சரசு கெஞ்சியதும் நியாயம். என் பக்கம் இருந்தது நீ மட்டும்தான். நீயும் எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்தாய்.

அப்போது என் நெஞ்சுமேல் ரேடியோ அதிர்ந்தது. கரகரப்பே இல்லை. பக்கத்தில் நின்று பேசுவது போல மணியம் அண்ணன் குரல். அழுதுகொண்டே கத்தினார். "பாலத்துப் பக்கம் வராதீங்க! பாலம் போச்சு! ஆலைக்குப் பின்னால மேட்டு வழியா வாங்க! கேக்குதா? கேக்குதா?"

"கேக்குதுண்ணே" என்றேன். பிறகுதான் அவர் சொன்னார்: "உன் பொண்டாட்டி இன்னும் தொட்டி மேலதான் இருக்கா. டேப்பு சுத்திட்டுத்தான் எறங்குவாளாம்."

படகில் எல்லோரும் அதைக் கேட்டார்கள். சரசுவின் அப்பா கண்ணைத் திறந்து ரேடியோவைப் பார்த்தார். அஸ்மான் முடிச்சிலிருந்து கையை எடுத்துத் தன் முகத்தை மூடிக்கொண்டான்.

மேட்டு வழி சுற்று. வந்து சேரும்போது வெளிச்சம் முழுதும் போய்விட்டது. நீ மண்டபத்து வாசலில் நின்றாய். கையெல்லாம் கீறல், ஒரு விரலில் ஈயம் சுட்ட கொப்புளம். என்னைப் பார்த்து, "சத்தம் தெளிவா வந்துச்சா?" என்று கேட்டாய். முதல் கேள்வி அது. நான் தலையை ஆட்டினேன். நீ உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாய். நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாய்.

மழை அதற்குப் பிறகும் பல நாள் விடவில்லை. அந்த ரேடியோ ஒருமுறைகூட வாயை மூடவில்லை. கீழ்க்கரையிலிருந்தும், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலாய்க் கிராமத்திலிருந்தும் படகுகள் அதன் குரலைப் பிடித்துக்கொண்டுதான் வந்து சேர்ந்தன. தண்ணீர் வடிந்து நாம் போய்ப் பார்த்தபோது பாலத்தில் இரும்புக் கைப்பிடி மட்டும் அந்தரத்தில் நின்றது. நீ அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வாங்க, போலாம்" என்றாய்.

ஆனால் சரசுவின் அப்பா தேறவில்லை. குளிர் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்றார்கள். மருத்துவமனைக்குப் போனவர் திரும்பவில்லை. சாவு வீட்டுக்கு நாம் இருவரும் போனோம். உன்னைக் கண்டதும் சரசு, "இன்னும் கொஞ்சம் சீக்கிரம் பேசியிருந்தா எங்கப்பா இருந்திருப்பாரு" என்றாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். நீ கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாய்.

அதன் பிறகு சரசு உன்னோடு பேசவில்லை. சந்தையில் பார்த்தால் தெருவை மாற்றிக்கொண்டாள். நீயும் அவள்மேல் கோபப்படவில்லை. ஆனால் எத்தனையோ நாள், சோற்றில் கையை வைத்துக்கொண்டே, "அந்த நசுக்கறதப் போட்டிருந்தா அவரு பொழச்சிருப்பாரா?" என்று என்னைக் கேட்பாய். பாலம் போன கதியைப் பார்த்தாயே என்பேன். "பாத்தேன். அது வேற, இது வேற" என்பாய். கடைசியில் படுக்கையில் கிடந்தபோதும் ஒருநாள் கேட்டாய். உடம்பில் ஒன்றும் மிச்சமில்லாத நேரம். அப்போதும் அந்தக் கேள்வி உன்னிடம் மிச்சமிருந்தது.

இப்போது அந்தச் செய்தியைச் சொல்கிறேன்.

போன மாதம் மண்டபத்துக்குப் புது ஏரியல் வந்தது. மணியம் அண்ணனுக்கு முட்டி வலி, வெளியே வருவதில்லை. இப்போது ரேடியோவில் உட்காருவது யார் தெரியுமா? சரசு. நீ போன பிறகு அவளாக வந்து சேர்ந்தாள். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வேலை விஷயம் தவிர எங்களுக்குள் பேச்சும் இல்லை. பழைய ஏரியலைக் கழற்ற நான்தான் மேலே ஏறினேன். நீ சுற்றிய டேப்பைக் கத்தியால் கீறினேன். வெயிலில் வெளுத்த மேல்சுற்று, அதற்குள் ஒரே கட்டியாக ஒட்டிப்போன ரப்பர், அதற்கும் உள்ளே அந்தக் கனெக்டர். கடையிலிருந்து இப்போதுதான் எடுத்து வந்தது போல் மின்னியது. உள்ளே ஒரு துளி ஈரம் இல்லை.

இறங்கி வந்து அதை மேசைமேல் வைத்தேன். சரசு எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அதைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"அண்ணே, ஒன்னு சொல்லணும். அக்கா இருக்கும்போதே சொல்லியிருக்கணும். ஆத்திரத்துல சொல்லல. ஆஸ்பத்திரியில அப்பாவுக்கு நடுவுல நெனவு வந்துச்சு. என்னப் பாத்து, 'மேல ஏறின அந்தப் பிள்ள எறங்கிடுச்சா?'னு கேட்டாரு. எனக்கு யாருன்னே புரியல. மறுபடியும் கேட்டாரு. 'தொட்டி மேல இருந்துச்சே, எறங்கிடுச்சா?' எறங்கிட்டாங்கப்பான்னு சொன்னேன். 'நல்லது'ன்னாரு. அப்புறம் தூங்கிட்டாரு."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவளே மறுபடி பேசினாள். "அவருக்கு உங்க மேல கோவம் இல்ல. எனக்குத்தான் யார் மேலயாவது கோவப்படணும்னு இருந்துச்சு. பாலத்துப் பக்கம் போயிருந்தா என் ரெண்டு பிள்ளைங்களும் இன்னைக்கு இல்ல. அது அன்னைக்கே எனக்குத் தெரியும் அண்ணே."

பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புது இணைப்பை மழைக்கு முன்னால் போட்டுவிடலாமா என்று கேட்டாள். போட்டோம்.

நீ கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லை, எனக்குத் தெரியும். அவர் பிழைத்திருப்பாரா என்று இனி எவரும் சொல்ல முடியாது. ஆனால் உன்னால் செத்தார் என்று நீ நினைத்திருந்த மனிதர், நீ பத்திரமாக இறங்கினாயா என்ற கவலையோடு படுத்திருந்தார். நீ இறங்கிவிட்டாய் என்று தெரிந்துகொண்டுதான் போனார். இது உன் காதில் விழாமலே நீ போய்விட்டாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றைக்குப் படகில் நான் எவ்வளவு பயந்தேன் என்று உன்னிடம் கடைசிவரை சொன்னதில்லை. ஆனாலும் அந்த இரைச்சலுக்கு அந்தப் பக்கம் நீ ஏதோ செய்துகொண்டிருக்கிறாய் என்று ஒரு நிமிஷம்கூட நான் சந்தேகப்படவில்லை. கூப்பிட்டால் நீ எப்படியாவது பதில் வரவைப்பாய் என்ற அந்த நம்பிக்கை இன்னும் என்னிடம் அப்படியே இருக்கிறது. நீ இல்லாத இந்த வீட்டில் அதை எங்கே இறக்கி வைப்பதென்றுதான் தெரியவில்லை.